கேஏஎஸ்எல்ஆர் மட்டும் போதுமா?

கட்டுரைல கேஏஎஸ்எல்ஆர் (ஓஎஸ்ஸோட மையமான கெர்னலை ஒவ்வொரு பூட்லயும் மெமரில வேற வேற இடத்துல வைக்கிற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா கெர்னலுக்கு கவலையில்லைனு சொல்லிருக்கீங்க, அது கொஞ்சம் ஓவர். அது லினக்ஸ்ல 2014லயே வந்துருச்சு, ஆனா கெர்னல் எங்க உக்காந்திருக்குனு மட்டும்தான் மறைக்கும், ஒரே ஒரு அட்ரஸ் லீக் ஆனா மிச்சத்தை கணக்கு போட்டு கண்டுபிடிச்சிருவாங்க.

ஹீப் (ஓடும்போது தேவைக்கு கேட்டு வாங்குற மெமரி) கதை வேற. பழைய ஸ்லாப்ல (கெர்னலுக்குள்ள அந்த மெமரியை பிரிச்சு கொடுக்குற பகுதி) ஆப்ஜெக்டெல்லாம் வரிசையா கொடுக்கும், அதனால ஓவர்ஃப்ளோ பண்ணா (தன் இடத்தை தாண்டி எழுதினா) பக்கத்துல யாருனு முன்னாடியே தெரியும். லினக்ஸ் 4.7ல (2016) அந்த வரிசையை கலைச்சு விட்டாங்க, நல்லதுதான், ஆனா கடைசியா ஃப்ரீ பண்ண இடம்தான் அடுத்து வர்றவனுக்கு முதல்ல போகும், அது மாறல. சிங்கப்பூர்ல தேக்கா ஹாக்கர் சென்டர்ல (சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற இடம்) மத்தியானம் ஒருத்தர் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுட்டு டக்குனு டிஷ்யூ பாக்கெட் வச்சு டேபிளை சோப் பண்ணுவோம்ல (இடம் பிடிப்போம்ல), யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ அட்டாக் (ஃப்ரீ பண்ண இடத்தை பழைய கோட் இன்னும் யூஸ் பண்றத வச்சு அடிக்கிறது) அதேதான்! பழைய ஆள் இன்னும் அது தன் டேபிள்னு நெனச்சு வந்து அங்க இருக்கறத எடுத்து சாப்பிடுவாரு, பாவம்.

இதுக்கு 6.6ல (2023) வந்த RANDOM_KMALLOC_CACHES-தான் எனக்கு புடிச்சிருக்கு. கேமல்லாக்குக்கு (கெர்னல் கோட் மெமரி கேக்குற ஃபங்ஷன்) ஒவ்வொரு சைஸுக்கும் 16 கேஷ் (தனித்தனி மெமரி தொகுப்பு), எந்த இடத்துலருந்து கூப்பிடுறாங்கங்கறதையும் பூட் ஆகும்போது எடுத்த ஒரு ரேண்டம் நம்பரையும் சேர்த்து எதுல போடணும்னு முடிவு பண்ணும். வேற கோட்லருந்து ஸ்ப்ரே பண்றவன் (தன் டேட்டாவை நிறைய காப்பி போட்டு நிரப்புறவன்) அதே கேஷ்ல விழ பதினாறுல ஒண்ணுதான் சான்ஸ். மெமரி கொஞ்சம் கூட தின்னும், சின்ன ரவுட்டர்ல யோசிக்கணும், சர்வர்ல எல்லாம் தாராளமா போடலாம் லா. உங்க டிஸ்ட்ரோவோட கெர்னல் கான்ஃபிக் ஃபைல்ல இது ஆன்ல இருக்கானு ஒரு தடவை க்ரெப் போட்டு (தேடி) பாருங்க.