401(கே)யை உடைக்கப் போகிறாயா தம்பி?

போன வாரம் ஒரு தம்பி கூப்பிட்டான். வேலை போய்விட்டது. இங்கே அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருப்பதால், தங்கக் கையில் 60 நாள்தான். அதற்குள் வேறு வேலை அமையாவிட்டால் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுவதாக முடிவு. அதையெல்லாம் நிதானமாகத்தான் சொன்னான். அப்புறம் போகிற போக்கில், "401(கே)யில கொஞ்சம் கிடக்குதுண்ணா, அதையும் எடுத்துக் கணக்க முடிச்சிட்டுப் போயிடலாம்னு பார்க்கிறேன்" என்றான். 401(கே) என்பது சம்பளத்திலிருந்து பிடித்துப் போடும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போன செய்திக்குக்கூட நான் அவ்வளவு பதறவில்லை.

காரணம் இருக்கிறது. 2012-ல் அதே காரியத்தைச் செய்தவன் நான்.

அப்போது நிறுவனம் மாறினேன். பழைய 401(கே)யில் 18,000 டாலர் இருந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. அங்கேயே விட்டுவைக்கலாம், புது நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றலாம், சொந்தமாக ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கு தொடங்கி அதில் போடலாம், இல்லை காசோலையாக வாங்கிக்கொள்ளலாம். நான் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன். ஊரில் ஒரு மனை விலைக்கு வந்திருந்தது.

காசோலையில் 14,400 என்றுதான் இருந்தது. 20% வரிப்பிடித்தம். சரி, வரிக்கதை இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஏப்ரலில்தான் புரிந்தது, அது வெறும் முன்பணம். நான் இருந்த வருமான அடுக்கில் வரி 25%, அதாவது 4,500. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் எடுத்ததற்கு அபராதம் 10%, அது 1,800. பிடித்தது போக இன்னும் 2,700 கட்டச் சொன்னது படிவம். மாநில வரி தனி. கடைசியில் கையில் நின்றது 11,700-க்கும் கீழே.

மனை இன்னும் இருக்கிறது. சீமைக்கருவேலம் செழிப்பாக வளர்ந்திருக்கிறது. அந்த 18,000-ஐத் தொடாமல் விட்டிருந்தால், வருடத்துக்கு 7% வளர்ச்சி என்று வைத்தால்கூட 30 வருடத்தில் 1,37,000 டாலர். இந்தக் கணக்கை நான் போடவில்லை, மனைவி போட்டாள். ஒரு முறை அல்ல.

நம் ஆட்களிடம் ஒரு வாக்கியம் உண்டு: "எப்படியும் ஊருக்குத்தானே போகப் போறோம், இதுல எதுக்குப் பணத்தை முடக்கணும்?" பதினைந்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டு இங்கேயே இருப்பவர்களை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் நாம் பேசும் வாக்கியங்களிலேயே அதிகச் செலவு வைப்பது இதுதான் என்பேன். நாம் சம்பளத்தில் 4% போட்டால் நிறுவனமும் 4% போடுகிறது என்றால், அதை வேண்டாம் என்பது சம்பள உயர்வை வேண்டாம் என்பதற்குச் சமம். ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் போட்ட பங்கு எப்போது முழுதாக நமக்குச் சொந்தமாகும்? சில இடங்களில் அன்றே, சில இடங்களில் மூன்று வருடம், படிப்படியாக என்றால் ஆறு வருடம்கூட ஆகலாம். இரண்டு மாதம் பொறுத்து வேலை மாறியிருந்தால் மொத்தமும் கிடைத்திருக்கும் என்று புலம்பியவர்கள் உண்டு.

நாம் போடக்கூடிய உச்சவரம்பு 2025-ல் 23,500 டாலர், 2026-ல் 24,500. அவ்வளவும் போட எல்லோராலும் முடியாது. நிறுவனம் ஈடு கொடுக்கும் அளவுக்காவது போட்டுவிட வேண்டும்.

அடுத்து, வரியை இப்போதே கட்டிவிட்டுப் போடும் ரோத் கணக்கா, எடுக்கும்போது கட்டும் சாதாரணக் கணக்கா என்ற சண்டை. ரோத் என்றால் ஏதோ முதலீட்டு உத்தி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆள் பெயர்! வில்லியம் ரோத் என்ற செனட்டர். முதலில் ரோத் ஐ.ஆர்.ஏ.வாக 1997 சட்டத்தில் வந்தது. விஷயம் பெருக்கல் வாய்ப்பாடுதான். 1,000 டாலரை வரி கட்டாமல் போடுகிறோம், நான்கு மடங்காகி 4,000 ஆகிறது, எடுக்கும்போது 25% வரி போனால் 3,000. ரோத்தில் முதலிலேயே வரி கட்டி 750 போடுகிறோம், நான்கு மடங்காகி 3,000. இரண்டும் ஒன்றேதான்! வரிவிகிதம் இன்று அதிகமா, எடுக்கும் அன்று அதிகமா என்பது மட்டும்தான் கேள்வி. ஊர் திரும்புகிறவர்களுக்கு அதில் இன்னொரு முடிச்சு: எடுக்கும் அன்று எந்த நாட்டுக்கு வரி கட்டிக்கொண்டிருப்போம்? ரோத்துக்கு அமெரிக்காவில் வரியில்லை என்பதற்காக இந்தியாவிலும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு ஊர் வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் கொடுக்கும் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் செலவுச் சேமிப்புக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. அருமையான கணக்கு, ஆனால் கலிபோர்னியாவும் நியூஜெர்சியும் அதற்கு மாநில வரிச்சலுகை தருவதில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பது அங்கேதான்!

சரி, தம்பிக்கு வருகிறேன். நாட்டை விட்டுப் போனால் கணக்கை மூடியாக வேண்டும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு விதி இல்லை. கணக்கில் 7,000 டாலருக்கு மேல் இருந்தால் பழைய நிறுவனம் அவனை அதிலிருந்து வெளியே தள்ளவும் முடியாது. இந்த வருடமே எடுத்தால், இதுவரை வாங்கிய சம்பளத்தின் மேல் அதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டு வரி கேட்கும். ஊரில் போய் வரிச் சட்டப்படி இந்தியாவின் முழு வாசி ஆனபின் வருடா வருடம் அதன் வளர்ச்சிக்கு இந்தியா வரி கேட்குமே என்றான். நல்ல கேள்வி. அதற்காகத்தான் 2021 பட்ஜெட்டில் 89ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஓய்வூதியக் கணக்குகளுக்கு, எடுக்கும்போது வரி கட்டினால் போதும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

உண்மையான தொல்லை வேறு இடத்தில். கணக்குக்குள் நுழைய ஓ.டி.பி. வேண்டும், அது அமெரிக்க எண்ணுக்கு வரும். விமானம் ஏறியதும் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊரிலிருந்து தன் பணத்தைத் தானே பார்க்க முடியாமல் தவித்த ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். அந்த எண்ணைக் குறைந்த செலவில் உயிரோடு வைத்திருக்கச் சொன்னேன். வெளிநாட்டு முகவரியை ஏற்பார்களா என்றும் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

நேற்று வாட்ஸப்பில் எழுதியிருந்தான்: "படிவத்தக் கிழிச்சுட்டேண்ணா. டிக்கெட்டுக்கு காரை வித்துக்கிறேன்."