120 டிசைனும் ஒரு டப்பா பெயின்ட்டும்

அக்னி நட்சத்திரத்தில் பத்து நாள் லீவு போட்டுக் காரைக்குடிப் பக்கம் போகிறேன் என்றதும் ஆபீஸில், "பொண்ணு பாக்குறாங்களா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை, கோடைப் பயிற்சிப் பள்ளி. தொழில்நுட்பமும் வடிவமைப்பும் என்று தலைப்பு. எட்டு வருஷமாக சாஃப்ட்வேர் வேலை. டிசைன் என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேறொரு டீம் படம் அனுப்பும், நான் அதைத் திரைக்குக் கொண்டுவருவேன், பட்டன் இரண்டு பிக்சல் தள்ளி இருக்கிறது என்று சண்டை வரும்.

நான் அந்தப் பக்கத்துக்காரன்தான். அப்பா கொத்தனார். செட்டியார் வீடுகளில் ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்த்த பூப்போட்ட தரை ஓடு, பதித்தவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோனால் முகப்புத் திண்ணையோடு சரி. பயிற்சி நடந்ததோ அப்படியொரு வீட்டின் வளவிலேயே, அதாவது உள்முற்றக் கட்டிலேயே. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல் என எல்லாம் ஒரே நேர்கோட்டில். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசி இல்லாமல் பத்து நாள் உட்கார்ந்திருந்தோம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் என்று அப்பா சொல்லிக் கேட்டதுண்டு. யாரும் பார்க்காதபோது கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அப்படியொரு குளுமை.

முதல் ஐந்து நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மஞ்சள் சீட்டுகளில் எழுதி ஒட்டினோம். (சுவரில் ஒட்டப் போனதற்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பிடித்த பிடியில் பலகைக்கு மாறினோம். அந்த வாரத்தின் முதல் உருப்படியான விமர்சனம் அவருடையதுதான்.)

ஆறாம் நாள்தான் ஆத்தங்குடிப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். அப்பா பதித்த கல்லை எத்தனையோ பார்த்திருக்கிறேன், வார்ப்பதைப் பார்த்ததில்லை. அடியில் கண்ணாடி. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் தகடு வளைத்துச் செய்த அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். தூக்கும்போது கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, பிறகு காரை போட்டுக் கரணையால் மட்டம். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். சூளையே கிடையாது. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்துக்கு வருகிறது. அந்த முகமோ வார்க்கும் நேரம் முழுக்கக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது.

எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு தளத்தில் திரும்பத் திரும்ப வரும் கோலங்களைச் சமச்சீரின்படி பிரித்தால் மொத்தம் 17 வகைதான் என்று 1891லேயே ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபெதரோவ் நிறுவிவிட்டார். அதை வைத்து அன்று ராத்திரியே நிரல் எழுதி 120 டிசைன் எடுத்துவிட்டேன். மறுநாள் லேப்டாப்பைத் திறந்து பட்டறை அண்ணனிடம் காட்டினேன். பொறுமையாக முப்பது நாற்பது பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா இந்த மூலை இம்புட்டு ஒல்லியா இருந்தா அச்சத் தூக்கையில ஒரு கலரு இன்னொண்ணுல இறங்கிரும்."

சரி, இடைவெளிக்கு ஒரு விதி சேர்க்கலாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பின்சுவரைக் காட்டினார். ஆணியில் வரிசை வரிசையாக அச்சுகள் தொங்கின. "புதுசு யாரு தம்பி கேக்குறா? பழைய வீட்டுல நாலு கல்லு உடைஞ்சிருக்கும். ஒரு சில்லைக் கொண்டாந்து, இதே மாதிரி வேணும்பாங்க. அந்த அச்சு எங்க கிடக்குன்னு தேடுறதுலயே அரை நாள் போயிருது."

120 டிசைனும் அங்கேயே செத்துப்போயின. எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, அந்த ஐந்து நாள்மேல். இந்த ஒரு வாக்கியத்துக்காக நாங்கள் முதல் நாளே வந்து இந்த மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். 'பயனரைப் புரிந்துகொள்ளல்' என்று மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். அப்போது பயனர் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கல் வார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இருபத்திரண்டு பேரில் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரும் இல்லை. கட்டணம் என் சம்பளத்துக்கே கடித்தது. அழகப்பச் செட்டியார் சொத்தைக் கொடுத்துக் கல்லூரிகள் எழுப்பிய ஊர் காரைக்குடி. அங்கே படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்தால் பட்டறைப் பேச்சை எங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடியிருக்க வேண்டாம். அந்த வேலையை நான்தான் பார்த்தேன். கடைசி நாள் விழாவுக்குப் பட்டறை அண்ணனை வரவழைத்துச் சால்வை போட்டார்கள். அன்றைய அரைநாள் கூலி போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் எங்கள் குழு ஒவ்வொரு அச்சையும் படம் எடுத்தது. சில்லைப் படம் பிடித்தால் பொருந்தும் அச்சைக் காட்டும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். நிறத்தை விட்டுவிட்டோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், ஐம்பது வருஷம் மிதிபட்டால் வேறு நிறம். போன் கேமராவை நம்பி ஆக்ஸைடு நிறப்பொடி கலக்க முடியாது. குழுவிலிருந்த அகமதாபாத் டிசைனர் பெண் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கிவந்து, அச்சுகளின் கைப்பிடியில் நம்பர் எழுதினாள். எனக்கு அது சிறுபிள்ளை வேலையாகத் தெரிந்தது. வாய்விட்டும் சொன்னேன்.

அப்பாவிடம் போனில் கதையைச் சொன்னபோது, "நம்பர் போட்டீங்களா? நல்லது" என்றார். நிரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் பட்டறையிலிருந்து அழைப்பு. நிரல் எப்படி ஓடுகிறது என்று ஆசையாகக் கேட்டேன். "அதத் தொறக்கவே இல்ல தம்பி. படமும் நம்பருமா பிரின்ட் போட்டுச் சுவத்துல ஒட்டியாச்சு. அதப் பாத்தே எடுத்துர்றோம். 43ஆம் நம்பரு அச்சு ஒடிஞ்சுபோச்சு, அத மட்டும் எடுத்துட்டு வேற தாள் அனுப்புங்க."

ஒரு வரியை நீக்கிவிட்டுப் புதுத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.