லீவு போட்டது பிஸ்கட் சுட, உங்கள் பார்சலை வாங்க அல்ல

தீபாவளிக்கு முந்தின வாரம் நான் லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன் என்று கோயில் ஒலிபெருக்கியில் யாரும் அறிவிக்கவில்லை. இருந்தும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லோருக்கும் அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. தெரிந்த நிமிடத்திலிருந்து ஊரிலுள்ள உதிரி வேலைக்கெல்லாம் நான்தான் ஆள். எதிர்வீட்டுக்காரியின் பார்சலை வாங்கி வைக்க வேண்டும். நாத்தனார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டும். பின்வரிசை அங்கிளுக்குத் தண்ணீர் பில்லைக் கைப்பேசியில் கட்டித்தர வேண்டும். இது போதாதென்று சித்தி வருவார். "வீட்லதானே இருக்கே, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சோபாவில் உட்கார்ந்தாரானால், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்ற கதை முழுவதும் முடியாமல் எழுந்திருக்க மாட்டார்.

அடுப்பில் அன்னாசி ஜாம் கொதித்துக்கொண்டிருக்கும். அதை யாரிடம் சொல்வது?

அன்னாசி ஜாம் கிண்டியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். பழத்தைச் சீவி, கண் எடுத்து, துருவி, சாற்றைப் பாதி வடித்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். எம்டி2 என்ற அன்னாசி ரகம் நேரில் தின்ன அருமை, ஜாமுக்கு எனக்குப் பிடிக்காது. இனிப்பும் தண்ணீரும்தான் அதில் அதிகம், புளிப்பு பற்றாது. தண்ணீர் சுண்டிய பிறகுதான் சீனி போடுவேன். அதற்கப்புறம் கையை எடுக்கக் கூடாது. சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது மெல்ல மெல்லப் பழுப்பாகி, கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, அந்தக் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அதற்கு முந்தின கட்டத்தில் 'பொளக் பொளக்' என்று தெறித்து முழங்கை வரை பொத்துப்போகும். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஹாரன் அடிக்கும்.

சரி, அந்த லீவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 11 நாள் பொதுவிடுமுறை. அதில் 5 நாள் கட்டாயம் கொடுத்தாக வேண்டும்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. மீதி ஆறையும் முதலாளிதான் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். பெரும்பாலான இடங்களில் தீபாவளியைக் கொடுத்துவிடுகிறார்கள், என் சண்டை அதில் இல்லை. (சரவாக்கில் அன்றைக்குப் பொதுவிடுமுறையே கிடையாது. அங்கே இருக்கும் நம் ஆட்களை நினைத்தால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.) ஆனால் கிடைப்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் விடியற்காலை எண்ணெய்க் குளியலில் தொடங்கி, கோயில், சாப்பாடு, வருகிற விருந்தாளி, போகிற விருந்தாளி என்று ஓடிவிடும். அன்றைக்கு உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிக்க முடிந்தாலே பெரிது. 2025-ல் திங்கட்கிழமை வந்ததால் சனி, ஞாயிறு கூடச் சேர்ந்தது. 2024-ல் வியாழக்கிழமை. நடுவில் வெள்ளிக்கிழமை வேலை என்று பாதிப் பேர் அன்று ராத்திரியே துணியை இஸ்திரி போட்டார்கள்.

ஆக, அமைதியாகப் பலகாரம் செய்ய வேண்டுமென்றால் வருடாந்திர லீவில்தான் கைவைக்க வேண்டும். அதையும் சட்டம் அளந்துதான் கொடுக்கிறது. வேலைக்குச் சேர்ந்து 2 வருடம் ஆகாதவருக்கு 8 நாள், 5 வருடத்துக்குள் இருப்பவருக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அதில் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரி, ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் எல்லாம் போக மிஞ்சியதைக் கஞ்சப்பிசினாரிபோல் சேர்த்துவைத்து, தீபாவளிக்கு முன்னால் எடுக்கிறேன். அதற்கும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார். "எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா லைன் யாரு பார்க்கிறது?" என்பார். அவரிடம் கெஞ்சி வாங்கிய நாளை எதிர்வீட்டுப் பார்சலுக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன தபால் நிலையமா வைத்திருக்கிறேன்?

பார்சல் கதையை முழுசாகச் சொல்லியே ஆக வேண்டும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு மதியம். பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக்காரர் வேலையில். மின்னல் எஃப்எம் சின்னதாகப் பாடிக்கொண்டிருந்தது. செம்பெரிட் பிஸ்கட்டுக்கு மாவு பதமாக வந்திருந்தது. பட்டரையும் ஐசிங் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, கஸ்டர்ட் பவுடரும் சோளமாவும் கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்து, வெக்கைக்கு இளகிவிடாமல் கொஞ்ச நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்த மாவு. அச்சில் போட்டு அழுத்தினால் பூவின் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக நிற்கிறது. நடுவில் ஒரு துளி சிவப்புச் செர்ரி வைத்துத் தட்டை நிறைத்து ஓவனில் தள்ளினேன். வெண்ணெய் வாசம் கிளம்புகிற நேரம். அந்த வாசத்தில் தனியாக நிற்கத்தான் ஐயா நான் லீவே போடுகிறேன்!

பாம்... பாம்... பாம்.

வெளியே வந்தால் மூன்று வீட்டுப் பார்சல். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. "பக்கத்து வீட்டுல குடுக்கச் சொன்னாங்க, அக்கா" என்கிறான் அந்தப் பையன். அவன் மேல் என்ன தப்பு? கையெழுத்துப் போட்டு, படம் எடுக்க நின்று, ஒரு பெட்டி கனமாக இருந்ததால் இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்துத் திரும்பினால், அதே நேரத்தில் கைப்பேசி. எதிர்வீட்டுக்காரிதான். வந்துவிட்டதா, உடையவில்லையே, ஓரமாக வெய்யுங்கள், மழை படாமல் வெய்யுங்கள். பேசி முடித்து ஓவனைத் திறந்தால் ஒரு தட்டு முழுக்கக் கருகல். பட்டர் போட்ட பிஸ்கட்டுக்குப் பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே சில நிமிடம்தான் இடைவெளி. சாயங்காலம் பெட்டியை எடுக்க வந்தவர் மூக்கை உறிஞ்சி, "என்னக்கா, தீஞ்ச வாடை வருது?" என்று கேட்டார். வாயில் வந்ததை விழுங்கினேன். பெட்டிக்குள் என்ன தெரியுமா? தீபாவளி பிஸ்கட். ஆன்லைனில் வாங்கியது!

அடுத்தது ஆர்டர்காரர்கள். நான் வியாபாரம் செய்யவில்லை. எங்கேயும் போர்டு மாட்டவில்லை. ஆனாலும் செய்தி வரும்: "அக்கா, எனக்கு அன்னாசி தார்ட் மூணு போத்தல், செம்பெரிட் ரெண்டு. சீனி கம்மியா, பட்டர் கூட." முடியாது என்றால் கோபம். சரி போகட்டும் என்று விலை சொன்னால் அதைவிடக் கோபம். "பசார் மாலாம்ல இதைவிட மலிவா இருக்கே. வீட்ல செய்யறதுதானே?" என்பார்கள். இரவுச் சந்தையில் மலிவு என்றால் அங்கேயே வாங்குங்களேன். வீட்டில் செய்தால் பட்டர் கிணற்றிலிருந்தா வருகிறது? நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருகிற சாமான் அது. முட்டைக்கு இருந்த மானியமும் விலைக் கட்டுப்பாடும் 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு போயாச்சு. 14 கிலோ கேஸ் தோம்பு அரசாங்க விலை 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு வரும் கூலி. சீனி ஒன்றுதான் கிலோ 2 வெள்ளி 85 காசில் நிற்கிறது. அந்தச் சீனியைத்தான் நீங்கள் கம்மியாகப் போடச் சொல்கிறீர்கள்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டால் சிரிப்பீர்கள். முறுக்குக்கும் அச்சு முறுக்குக்கும் நிறைய எண்ணெய் வேண்டும். மானிய விலையில் 1 கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. பண்டிகை நெருங்க நெருங்க அந்தப் பாக்கெட் கடையில் கண்ணில் படாது. "ஹபிஸ்", தீர்ந்துபோச்சு என்று கையை விரிப்பார்கள். நான் இருப்பது எந்த ஊர் தெரியுமா? 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றியும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர். 1917-ல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று எண்ணெய்க்கான செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான். நூறு வருடத்துக்கு மேலாக நம் ஆட்கள் குலை வெட்டி, தூக்கி, பழம் பொறுக்கிய மண். லோரி லோரியாகக் குலை போவதைத் தினமும் பார்க்கிறோம். முறுக்கு சுட ஒரு பாக்கெட் எண்ணெய்க்குக் கடை கடையாக மோட்டார் ஓட்ட வேண்டியிருக்கிறது. வயிறு எரியுமா எரியாதா?

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொல்வார். "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? கடையில வாங்கிடலாமே." நல்ல மனுஷன், உதவியாகத்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் இதைக் கேட்கும்போது வரும் எரிச்சல் எதிர்வீட்டுக்காரியிடம்கூட வராது. நான் பிஸ்கட் இல்லையே என்று அழவில்லையே! செய்வதுதான் எனக்கு வேண்டியது. வருடம் முழுக்க ஃபேக்டரியில் அடுத்தவன் வைத்த கணக்குக்கு ஓடுகிறேன். மணி அடித்தால் டீ, மணி அடித்தால் கழிப்பறை. இந்த ஒரு வாரம்தான் ஜாம் எப்போது இறங்க வேண்டும் என்பதை ஜாமும் நானும் முடிவு செய்கிறோம். உருண்டை பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் பட்டை வாசம். வெளியே நாலு மணிக்கு வானம் கறுத்து ஐப்பசி இடி இடிக்கும். மின்சாரம் டப்பென்று விழும், போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு வருவேன். என் ஓவன் கேஸ் ஓவன், அது பாட்டுக்கு எரியும். ஈரக் காற்றில் நமத்துப்போவதற்குள் போத்தலில் அடைத்து மூடி இறுக்கி, வாயைச் சுற்றி டேப் ஒட்டுவேன். யாரும் பேசாத வீடு. கடையில் எந்தப் போத்தலில் இதை அடைத்து விற்கிறார்கள்?

"அந்தக் காலத்துல தோட்டத்து லயத்துல எல்லாரும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய் வந்துக்கிட்டுதானே இருந்தோம், இப்பதான் நீங்கள்லாம் கதவைச் சாத்திக்கிறீங்க" என்று சித்தி குத்துவார். போனார்கள், வந்தார்கள், உண்மைதான். எங்கள் அம்மா காலையில் ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து பலகாரம் சுட்டவர். ராத்திரி லயத்துப் பெண்கள் எல்லாம் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒருத்தி மாவு பிசைவாள், ஒருத்தி அச்சு பிழிவாள், ஒருத்தி அடுப்பைப் பார்ப்பாள். மறுநாள் அடுத்த வீடு. பாகுலு என்ற முட்டைக் கேக்கின் அச்சுக்கு மேலும் கீழும் தணல் வைக்கவே ஒரு ஆள் வேண்டும். வந்தவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்தியும் அப்படி உட்காரட்டும், உருண்டை பிடிக்கட்டும், எத்தனை கல்யாணக் கதை வேண்டுமானாலும் கேட்கிறேன். இவர் சோபாவில் உட்கார்ந்து, ஆற வைத்திருக்கும் தார்ட்டை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டபடி, "எனக்கு சுகர் இருக்கு, அதிகம் சாப்பிடறதில்லை" என்கிறார். தட்டில் பாதி காணோம்.

எங்கள் இடப்பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், வேறு ரகம். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் அவர் வீட்டிலும் இதே கூத்துதான் நடக்கும், அதனால் அவருக்குத் தெரியும். போன முறை ஏதோ கேட்க வந்தவர், ஜன்னல் வழியாக என் கையில் மாவையும் மேசையில் தட்டுகளையும் பார்த்தார். "நந்தி, நந்தி" (அப்புறம், அப்புறம்) என்று மலாயில் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கே அவருக்கு முதல் போத்தல் என்று எழுதிவைத்தேன். ஆட்கள் வருவது எனக்குப் பிடிக்காது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். தீபாவளி அன்று கதவு திறந்துதான் இருக்கும். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, பிஸ்கட் உண்டு. அதற்கு முந்தின நாட்களை மட்டும் விடுங்கள்.

இந்த வருடம் சொல்லிவிட்டேன். கேட் பூட்டியிருக்கும். செருப்பு உள்ளே இருக்கும். கைப்பேசி அரிசி டின்னுக்குள் இருக்கும். பார்சல் வாங்க ஆள் வேண்டுமென்றால் அவரவர் லீவு போட்டு அவரவர் வாசலில் நில்லுங்கள். நாத்தனார் பிள்ளைக்கு வேனுக்குச் சொல்லியாயிற்று. ஆர்டர் கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது, கூடக் காசு கொடுத்தாலும் கிடையாது.

அப்புறம், போன தீபாவளிக்குப் பலகாரம் போட்டுக் கொடுத்த என் சிவப்பு மூடிப் போத்தல்கள். பாதிக்கு மேல் இன்னும் வீடு திரும்பவில்லை. ஒரு வீட்டில் அதில் ஊறுகாய் இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். யாரிடம் இருந்தாலும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம்.