ஆமாம், பாட்டில்தான் கழுவினேன்

ஒரு பறவைத் தீவில் சம்பளமில்லாத் தொண்டு வேலையாக, பிரஷ்ஷோடு பாட்டில் கழுவும் என் போட்டோவை நேற்று போட்டிருந்தேன். அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "பாட்டில் கழுவவாடா பி.இ. படிச்சிட்டு நியூசிலாந்து போனே?" என்று கேட்ட அண்ணனை நான் அன்ஃபிரெண்ட் செய்யவில்லை. கோபமும் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

ஆமாம் அண்ணே, பாட்டில்தான் கழுவினேன். ஆக்லாந்து பக்கத்தில் இருக்கும் டிரிட்டிரி மட்டாங்கி தீவில், 'ஹிஹி' என்ற பெயரில், தேன் குடிக்கும் ஒரு சின்னப் பறவை உண்டு. 1880களிலேயே மற்ற இடங்களில் எல்லாம் அழிந்து, ஹௌட்டுரு என்ற ஒரே தீவில் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து 1995-ல் கொஞ்சம் பறவைகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காடு இன்னும் இளங்காடு, பூத்தேன் மட்டும் போதாது. அதனால் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். எல்லாப் பறவையும் வந்து வாய் வைக்கிற பாட்டில் அது. சரியாகக் கழுவாவிட்டால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். ஆக, கழுவுவது எடுபிடி வேலை இல்லை. அதுதான் வேலை.

என்னோடு இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. நான் கழுவிய மூடியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தார். ஆபீசில் நான் எழுதும் புரோகிராமைக்கூட யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்தத் தீவே இப்படி உருவானதுதான். சுமார் 220 ஹெக்டேர். நூறு வருடத்துக்கும் மேல் ஆடு மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்த இடம். 1984-லிருந்து 1994 வரை சம்பளம் வாங்காத ஆட்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் மரக்கன்று நட்டார்கள். 1993-ல் எலிகளை ஒழித்தார்கள். 2000-ல் அர்ஜென்டினா எறும்பு எப்படியோ உள்ளே வந்துவிட, அதை விரட்ட வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அதனால்தான் இன்றைக்கும் படகேறும் முன் பையைத் திறந்து பார்க்க வேண்டும், ஷூவின் அடியைத் தேய்க்க வேண்டும். குழி தோண்டுவது, தேய்ப்பது, கழுவுவது. அதுதான் வேலை.

"நம்ம ஊர்ல தீவே இல்லையா?" இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். தேசியப் பூங்கா அது, நினைத்தவுடன் போய் இறங்க முடியாது. காலேஜ் படிக்கும்போது பெசன்ட் நகர் கடற்கரையில், கடலாமை முட்டைகளைக் காப்பாற்ற ராத்திரியில் நடக்கும் ஆமை நடைக்குப் போனேனே, அப்போது என்ன சொன்னீர்கள்? "ராத்திரியில முட்டை பொறுக்கப் போறான்." ஞாபகம் இருக்கிறதா?

"பறவையைக் காப்பாற்ற விமானத்தில் புகை கக்கிக்கொண்டு போகணுமா?" என்று கேட்டவருக்கு: நான் குடியிருப்பதே ஆக்லாந்தில், தீவுக்குப் படகில்தான் போகிறேன். அடுத்த கேள்வி, இதெல்லாம் காசு பிடுங்கும் வியாபாரம்தானே என்பது. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஆமைக்குஞ்சோடு செல்ஃபி எடுக்க வைக்கும் கம்பெனிகள் இருப்பது உண்மைதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். அழிந்தே போனது என்று உலகம் கைகழுவி, 1948-ல் மறுபடி கண்டுபிடித்த டாக்கஹே பறவையை அன்று காலையில்தான் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதற்கு ஹார்ட்டாகக் கொட்டினீர்கள். அதே தீவு, அதே நாள், கையில் பிரஷ்ஷோடு நான் நிற்கும் படத்துக்கு ஹாஹா. அப்படியென்றால் தீவோ பறவையோ உங்களுக்குப் பிரச்சினை இல்லை. நம்ம வீட்டுப் பையன் கழுவுகிறானே, அதுதான் பிரச்சினை. கழுவுவதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வர வேண்டும் என்பதுவரை மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். வாய்விட்டுத்தான் சொல்வதில்லை.

என் அப்பா ஹோட்டலில் டேபிள் துடைத்து, டம்ளர் கழுவித்தான் அந்த பி.இ. வந்தது. இதைக் கேட்ட அண்ணனுக்கு அது நன்றாகவே தெரியும். பக்கத்து வீடு.

ஹாஹா போட்டவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். டிசம்பரில் இங்கே வருகிறாராம், அந்தத் தீவைப் பார்க்க வேண்டுமாம். கூட்டிப் போகிறேன் சித்தப்பா. ஷூவை மட்டும் நீங்களே தேய்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று அங்கே ஆள் கிடையாது.