ஸ்டீலை மாத்துனா மட்டும் பத்தாது
வண்டி பாடிக்கு ஹை ஸ்ட்ரெங்த் ஷீட்டுக்கு, அதாவது பலம் கூடுன ஸ்டீல் தகட்டுக்கு மாறுனா, ஸ்பாட் வெல்டோட (ரெண்டு தகட்டை அழுத்திப் பிடிச்சு கரண்ட் விட்டு பொட்டு பொட்டா உருக்கி ஒட்டுறது) ஆயுசும் அதே அளவு கூடும்னு இந்தக் கட்டுரைல போட்டிருக்கு, ஒரே இழுப்புல பிய்யுறதுக்கு அது ஓரளவு சரி, ஆனா நாள் பூரா குலுங்கிட்டே ஓடுற வண்டிக்கு செல்லாது. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல பொட்டோட ஓரத்துல ஒரு கூர்மையான இடுக்கு இருக்குல்ல, விரிசல் அங்கதான் பிறக்கும், எந்த ஸ்டீலா இருந்தாலும் அந்த இடுக்கு அப்படியேதான இருக்கு. மன்னார்குடி பக்கம் பட்டறை வச்சிருக்கேன், குறுவை அறுப்பு முடிஞ்சா நெல்லு மூட்டை ஏத்தி வாய்க்கா கரை ரோட்டுல அடிபட்ட வண்டிங்க வரிசையா வரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்பக்கம் சுரண்டிப் பாத்தா பொட்டை சுத்தி பிறை மாதிரி விரிசல். நான் பாத்தவரைக்கும் இதுக்கு நல்லா பலன் குடுத்தது, தகட்டுக்கு நடுவுல பசை தடவி அதுமேல ஸ்பாட் அடிக்கிறதுதான், பாரம் ஒத்தப் பொட்டுல நிக்காம பரவிடும். மேல கமெண்ட்ல ஒருத்தர் ஸ்பாட்டை நெருக்கி டபுளா அடிங்கன்னு சொல்லிருக்கார், ரொம்ப நெருக்குனா கரண்ட் பழைய பொட்டு வழியாவே ஓடிரும் சார், புதுசு சின்னதாதான் விழும். 1 மி.மீ. தகட்டுக்கு 4லேந்து 5 மி.மீ. பொட்டு வேணும், எங்க ஊர்ல பம்புசெட்டு எல்லாம் ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்கி அதுவே வராது, அதனால துண்டுத் தகட்டுல ஒண்ணு அடிச்சு உளியால பிச்சுப் பாத்துட்டுதான் வண்டில கை வைக்கிறது.