குவ் ஆவணக் காப்பகத்தில் பெயர் இல்லையென்றால் கடலோடி இல்லை என்பது சரியன்று

19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பணியாற்றிய ஒவ்வொருவருக்கும் லண்டன் குவ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெயர்வாரியான கோப்பு உண்டு என்றும், அங்கே பெயர் கிடைக்காவிட்டால் அந்த முன்னோர் கடலோடியே அல்லர் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, இதை நம்பித் தேடலைக் கைவிடுபவர்கள் இருப்பார்கள் என்பதால் திருத்த வேண்டியிருக்கிறது.

மாலுமிகளைப் பெயர்வாரியாகப் பதியும் முறை 1835இல் தொடங்கி 1857இல் கைவிடப்பட்டது. மீண்டும் வந்தது 1913இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் சாதாரண மாலுமிக்குப் பொதுப் பெயர்ப் பட்டியலே கிடையாது. (கப்பல் தலைவர்களுக்கும் துணை அதிகாரிகளுக்கும் தகுதிச் சான்றிதழ்ப் பதிவுகள் தனியே உள்ளன.)

அக்காலத்துக்கு எஞ்சியிருப்பவை கப்பல் பணியாளர் பட்டியல்கள். அவை மாலுமியின் பெயர்படி அல்லாமல், கப்பலின் அதிகாரபூர்வ எண்படி (பதிவின்போது ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்பட்ட எண்) அடுக்கப்பட்டவை என்பதால், குடும்பக் கடிதத்திலோ திருமணப் பதிவிலோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ முதலில் கப்பலின் பெயரைக் கண்டுபிடித்தாக வேண்டும். 1861 முதல் 1913 வரையிலான பட்டியல்களில் குவில் இருப்பது ஏறத்தாழ 10 விழுக்காடே. ஏறத்தாழ 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1865, 1875 என ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்குரியவற்றில், குவில் உள்ள 10 விழுக்காடு போக மீதி, லண்டன் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆகவே, 1870களில் கடலோடிய ஒருவரைத் தேடுபவர் நியூஃபவுண்ட்லாந்துக்கும் எழுதிக் கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது.