எட்டாவது வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை ‘அன்ப்ரோக்கன்’ படத்தின் திரையிடல் முடிந்து மூன்று நாளாகிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

“ஒலிம்பிக்ல எட்டாவது வந்தவருக்கெல்லாம் ஒரு படமா?”

கலந்துரையாடலில் மைக் கைக்கு வந்ததும் அந்த நண்பர் சொன்ன முதல் வார்த்தை இது. அறையே சிரித்தது. எனக்கு வேண்டியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் இருந்த அரை மணி நேரமும் எட்டு, எட்டு என்றே போனது. படம் யாரைப் பற்றியதோ அந்த அமெரிக்க ஓட்டக்காரர் லூயி சாம்பெரினி, இரண்டாம் உலகப் போரில் விமானம் கடலில் விழுந்து 47 நாள் நடுக்கடலில் கிடந்ததைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜப்பானியரிடம் கைதியாகி இரண்டு வருஷத்துக்கு மேல் முகாம் முகாமாக அடி வாங்கியதைப் பற்றியும் பேச்சில்லை.

‘அன்ப்ரோக்கன்’ குறையே இல்லாத படம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஏஞ்சலினா ஜோலி 2014இல் எடுத்த அந்தப் படத்தின் மேல் எனக்கே பெரிய வருத்தம் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன். படம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். எட்டாவது வந்ததைச் சொல்லிச் சிரிக்காதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

சரி, அந்த எட்டாவது இடம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1936 ஆகஸ்ட் 7, பெர்லின். 5000 மீட்டர் இறுதிப் போட்டி. லூயி சாம்பெரினிக்கு வயது 19. இத்தாலியிலிருந்து வந்து கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் குடியேறிய குடும்பத்துப் பையன். அவர் மைல் ஓட்டக்காரர். 5000 மீட்டர் பக்கம் வந்ததே அந்த வருஷம்தான். நியூயார்க்கில் கொளுத்தும் வெயிலில் நடந்த தகுதிப் போட்டியில், அமெரிக்காவின் முன்னணி ஓட்டக்காரரான டான் லாஷோடு சமமாக முடித்து பெர்லினுக்குப் போனார்.

பன்னிரண்டரைச் சுற்று. ஃபின்லாந்துக்காரர் குன்னார் ஹோக்கெர்ட் 14 நிமிடம் 22.2 வினாடியில் ஒலிம்பிக் சாதனையோடு முதலில் வந்தார். சாம்பெரினி முடித்தது 14 நிமிடம் 46.8 வினாடியில். கடைசிச் சுற்றுக்கு முன்பே பதக்கம் கைவிட்டுப் போய்விட்டது, அது அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்தக் கடைசிச் சுற்றைச் சுமார் 56 வினாடியில் ஓடினார். ஓடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 4600 மீட்டர் ஓடித் துவண்ட காலோடு 56 வினாடி! நம் ஊரில் ஒரு பள்ளிப் பையன் வெறும் 400 மீட்டரை மட்டும் 56இல் ஓடினாலே பி.டி. வாத்தியார் அவனைக் கூப்பிட்டுப் பெயர் கேட்பார்.

பதக்கம் இல்லை என்று தெரிந்த பிறகு ஓடிய சுற்று அது. இந்த ஒரு வரியைத்தான் அன்று சொல்ல எழுந்தேன். “நேரமாயிடுச்சு” என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இடத்தை வைத்தே மனிதரை அளப்பவர்களுக்காக. அதே ஓட்டத்தில் முதலில் வந்த ஹோக்கெர்ட், 1940 பிப்ரவரி 11 அன்று சோவியத் படைகளுடனான குளிர்காலப் போரில் இறந்தார். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும். ஐந்தாவது வந்த போலந்துக்காரர் யூசெஃப் நோயியை 1943இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். எட்டாவது வந்தவர் அதே 1943இல் பசிபிக் கடலில் ரப்பர்ப் படகில் கிடந்தார். நான்காவது வந்தவர் யார் தெரியுமா? கோஹெய் முராகோசோ, ஜப்பான்காரர். அன்று ஒரே டிராக்கில் ஒருவர் மூச்சு இன்னொருவர் முதுகில் பட ஓடியவர்கள் இவர்கள். இந்தப் பட்டியலில் எந்த எண்ணைப் பார்த்து நாம் சிரிப்பது?

மில்கா சிங் ரோமில் நான்காவது. பி.டி. உஷா லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு வினாடியில் நான்காவது. அந்த நான்கைச் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் அவர்கள் நம்மவர்கள். எட்டு என்றதும் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் அவர் யாரோ.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பதினோராம் வகுப்பில் நான் 1500 மீட்டர் ஓடினேன். பாளையங்கோட்டை மைதானத்தில் போட்டி. ஸ்பைக்ஸ் கிடையாது, வெறுங்கால். கரித்தூள் போட்டுக் கெட்டித்த தரை. தினமும் விடியற்காலை அஞ்சு மணிக்கு எங்கள் அண்ணன் சைக்கிளில் பின்னால் வந்து “ஏட்டி, ஓடுட்டி, நிக்காத” என்று கத்திக்கொண்டே விரட்டுவான். (லூயியின் அண்ணன் பீட்டும் இப்படித்தான் சைக்கிளில் பின்தொடர்ந்து, குச்சியால் தட்டித் தட்டி ஓட வைத்தவர். படத்துக்கு மூலமான புத்தகத்தில் அதைப் படித்த அன்று, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தேன்.) அன்று கடைசிச் சுற்று மணி அடித்தபோது நான் எட்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். முடிக்கும்போது ஆறாவது. இரண்டு பேரைத் தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது, கண் இருட்டிவிட்டது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி அம்மா என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஊக்கு முனையால் பாதத்தில் ஏறியிருந்த கரித்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த ஒவ்வொன்றையும் ஈரத் துணியில் துடைத்து வைத்தாள். வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிகள். சீரகம் சிந்தின மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் காலை வழிபாடு. பதக்கம் வாங்கியவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கும் சேர்த்து ஒரு கைதட்டாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஒரு ஆசிரியர் மைக்கில் சொன்னார்: “போய்ட்டு வந்தவங்கல்லாம் உள்ள போங்க, ஜெயிச்சவங்க மட்டும் இங்க வாங்க.” போய்ட்டு வந்தவங்க. நான் காலை ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டே வகுப்புக்குப் போனேன். பின்னால் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டது அதே சிரிப்பு.

இனி, மற்ற கேள்விகள்.

“அந்தக் கனமான மரக்கட்டையை 37 நிமிஷம் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சாராம், நம்புற மாதிரியா இருக்கு?” இதையும் அன்று ஒருவர் கேட்டார். முப்பத்தேழா, பதினேழா என்று எனக்குக் கவலையில்லை. பட்டினியில் எலும்பாகிப் போன ஒருவரைக் கட்டையைத் தூக்கி நிற்கச் சொல்லி, இறக்கினால் சுடு என்று காவலாளிக்கு உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

“ஜப்பான்காரர்களைக் கெட்டவர்களாகக் காட்டும் அமெரிக்கப் பிரச்சாரம். அணுகுண்டு போட்டது யார்?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, நான் தள்ளிவிட மாட்டேன். படம் ஜப்பானில் 2016இல்தான் திரைக்கு வந்தது, அதுவும் எதிர்ப்புகளுக்கு நடுவில். ஆனால் சாம்பெரினி கடைசியாகக் கைதியாக இருந்த நவோயெட்சு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே இருந்த முகாமுக்கு முதலில் கொண்டுவரப்பட்ட 300 ஆஸ்திரேலியக் கைதிகளில் 60 பேர் இறந்தார்கள். போருக்குப் பிறகு அதே முகாமின் காவலர்கள் 8 பேரைத் தூக்கில் போட்டார்கள். 1995இல் அந்த ஊர்க்காரர்கள் அங்கே ஒரு அமைதிப் பூங்கா அமைத்து, அந்த 60 பேருக்கும் இந்த 8 பேருக்கும் நினைவுக்கல் வைத்தார்கள். முகாம் இருந்த ஊர்க்காரர்களே தலை குனிந்து நின்ற இடத்தில், நாம் இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு யார் பக்கம் என்று சண்டை போடுகிறோம்.

“அமெரிக்காக்காரனுக்கு அழுகிறாயே, சயாம் ரயில் பாதையில் செத்த தமிழர்களுக்காக எழுதினாயா?” என்னை அதிகம் காயப்படுத்திய கேள்வி இது. கேட்டவர் என் பழைய பதிவுகளைப் படிப்பவர். எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போய், தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மண் சுமக்க வைத்து, காலராவிலும் மலேரியாவிலும் சாகவிட்டதும் அதே ஜப்பானிய ராணுவம்தான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு ஒரு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. அந்தக் கோபம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவர்களைப் பற்றிப் படம் வரவில்லை என்பதற்காக இவர் பட்ட அடி பொய்யாகிவிடுமா? செத்தவர்களைக் காட்டி இன்னொரு செத்தவரின் வாயை அடைப்பது என்ன நியாயம்? அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேர் எட்டாவது, எண்பதாவது என்று எந்தக் கணக்கிலும் வராமல் போனார்கள்! அவர்களுக்காகத்தான் சொல்கிறேன், எட்டாவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இப்போது படத்தின் மேல் எனக்குள்ள வருத்தம்.

படம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. விமானத்திலிருந்து இறங்குகிறார், அம்மாவைக் கட்டிக்கொள்கிறார், அப்புறம் திரையில் நாலு வரி எழுத்து. உண்மையில் கைதியாக இருந்த காலம் அப்போது முடியவில்லை. 1940 ஒலிம்பிக் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. அதற்காகத்தான் அவர் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தார். 1938இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான போட்டியில், கூட ஓடியவர்கள் ஸ்பைக்ஸால் காலைக் கிழிக்கக் கிழிக்க, 4 நிமிடம் 8.3 வினாடியில் மைல் ஓடியவர். அந்தச் சாதனை 15 வருஷம் நின்றது. போர் வந்து ஒலிம்பிக் ரத்தானது. டோக்கியோவுக்கு அவர் போனார்தான், 1944இல், கைதியாக, ஓமோரி முகாமுக்கு. அதற்கு முன்பு ஓஃபுனா முகாமில், நிற்கவே தெம்பில்லாத உடம்போடு அவரை ஜப்பானிய ஓட்டக்காரருடன் ஓட வைத்து வேடிக்கை பார்த்தார்கள். இதையெல்லாம் யோசித்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியவர் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்காக மறுபடி ஓட ஆரம்பித்தார். முகாமில் அடிபட்ட கால் விட்டுக்கொடுத்தது. அதோடு ஓட்டம் முடிந்தது. அப்புறம் குடி. ராத்திரிக்கு ராத்திரி கனவில் முகாமில் அவரை விடாமல் அடித்த முத்சுஹிரோ வதனாபே, ‘பறவை’ என்று கைதிகள் பெயர் வைத்த அந்த ஆள். ஒரு ராத்திரி கனவில் வதனாபேயின் கழுத்தை நெரிக்கிறார். கண் விழித்துப் பார்த்தால் கைக்குள் இருப்பது கர்ப்பிணி மனைவி சிந்தியாவின் கழுத்து. 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கிறிஸ்தவப் பிரசங்கியார் பில்லி கிரஹாமின் கூட்டம் நடந்த கூடாரத்துக்கு சிந்தியா அவரை இழுத்துப் போன பிறகுதான் அவர் தூங்கினார். 1950இல் போர்க்குற்றவாளிகளை அடைத்திருந்த டோக்கியோ சுகாமோ சிறைக்குப் போய், தன்னை அடித்த காவலர்களைப் பார்த்து மன்னித்துவிட்டு வந்தார். வதனாபே தலைமறைவாக இருந்து, 1952இல் வழக்கு கைவிடப்பட்ட பிறகு வெளியே வந்து, 2003 வரை வாழ்ந்தார். கடைசிவரை சாம்பெரினியைச் சந்திக்க ஒப்புக்கொள்ளவில்லை.

இதெல்லாம் படத்தில் இருந்திருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்களோ என்று யோசித்தேன். இல்லை, சிரிக்க வேண்டும் என்று வந்தவர் அப்போதும் எட்டைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்.

என் அண்ணனிடம் திங்கட்கிழமை போனில் இதைச் சொல்லி அழுதேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. “அன்னைக்கு நீ எத்தனாவது வந்தட்டி? எனக்கு ரெண்டு பேரத் தாண்டினதுதான் ஞாபகம் இருக்கு.”

மைக் பிடித்த நண்பருக்கு ஒரு விஷயம். நீங்கள் என்னைவிட வயதில் மூத்தவர், மரியாதையோடுதான் சொல்கிறேன். படத்தின் கடைசியில் நிஜமான சாம்பெரினி வருகிறார். 1998 ஜனவரி, நாகானோ குளிர்கால ஒலிம்பிக்குக்கான பந்த ஓட்டம். 81ஆவது பிறந்தநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, அவரை அடித்து நொறுக்கிய அதே நவோயெட்சு ஊரில், வெள்ளை உடையில், கையில் பந்தத்தோடு, இரண்டு பக்கமும் ஜப்பானிய மக்கள் கையசைக்க ஓடுகிறார். அந்தக் காட்சி ஓடும்போது நீங்கள் அறையில் இல்லை. வெளியே டீ வந்துவிட்டது என்று எழுந்து போயிருந்தீர்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த நான்தான் உங்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டேன்.